கல்லூரியில் சமூகப் பொறுப்பு: கிரெடிட் எப்படி வருகிறது, மதிப்பெண் எதற்கு?

இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்த மாணவர், வகுப்பறைக்கு வெளியே மக்களிடையே செய்யும் பணியும் படிப்பின் ஒரு பகுதிதான் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட, கிரெடிட் கட்டமைப்பு தெளிவாகவே சொல்கிறது. சமுதாயத்தின் பொருளாதார, சமூகச் சிக்கல்களை மாணவர் நேரில் அறிந்து, ஏட்டில் படித்ததை அவற்றோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். இந்தப் பணியைக் கோடை விடுமுறைக் காலத்தில் தனியாகவும் வைக்கலாம்; முதன்மைப் பாடத்துக்குள்ளோ துணைப் பாடத்துக்குள்ளோ சேர்த்தும் நடத்தலாம்.

கிரெடிட் என்பது ஒரு பாடத்துக்கோ பணிக்கோ மாணவர் செலவிடும் நேரத்தை அளக்கும் அலகு. கணக்கு எளியது. 15 வாரங்கள் கொண்ட ஒரு செமஸ்டரில், வாரம் ஒரு மணி நேர விரிவுரைக்கு 1 கிரெடிட். அதாவது 15 மணி நேரம். களப்பணியாக இருந்தால் அதே 1 கிரெடிட்டுக்கு வாரம் 2 மணி நேரம், மொத்தம் 30 மணி நேரம் உழைக்க வேண்டும். இந்தக் கணக்கின்படி 2 கிரெடிட் களப்பணி என்றால் 60 மணி நேரம். இரண்டு சனிக்கிழமைகளில் முடித்துவிடக்கூடியது அன்று.

தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு போன்றவற்றை உள்ளடக்கிய விரிவாக்கப் பணி, பகுதி 5 என்ற பெயரில் பாடத்திட்டத்தில் இடம்பெற்று வருகிறது. நடைமுறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுவதால், தம் பிரிவுக்குரிய ஒழுங்குமுறையை முதல் செமஸ்டரிலேயே துறைத்தலைவரிடம் கேட்டு வாங்கிப் படித்துவிடுவது நல்லது.

இவற்றுள் விரிவானது நாட்டு நலப்பணித் திட்டம். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். 7 நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் கலந்துகொள்ள வேண்டும்.

மணி நேரத்தைக் கணக்கிடுவது எளிது; பொறுப்பு வளர்ந்திருக்கிறதா என்று அறிவதுதான் கடினம். வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்துக் கிரெடிட் வழங்கினால், மண்வெட்டியோடு படம் எடுத்துக்கொண்டு மரநிழலில் அமர்ந்திருந்தவருக்கும், அந்தத் தெருவின் சாக்கடை ஏன் அடைத்துக்கொள்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியவருக்கும் ஒரே மதிப்புத்தான் கிடைக்கும். இது உழைத்த மாணவருக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

எடுத்துக்காட்டாக, ஒரே நாளில் எழுதப்பட்ட இரண்டு குறிப்புகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில், "இன்று தெருவைச் சுத்தம் செய்தோம், மனநிறைவாக இருந்தது" என்று இருக்கிறது. மற்றொன்றில், "குழாயில் தண்ணீர் காலை எட்டு மணிக்குத்தான் வருகிறது; அதனால் தண்ணீர் பிடிக்க நிற்கும் பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாகப் போகிறார்கள். நேரத்தை மாற்ற ஊராட்சிக்கு மனு எழுதச் சொன்னேன், ஏற்கெனவே இரண்டு முறை கொடுத்துவிட்டதாக ஒரு பெரியவர் சொன்னார், கேட்காமல் அறிவுரை சொல்லிவிட்டேன்" என்று இருக்கிறது. முதல் குறிப்பு பொய்யல்ல, ஆனால் அதில் மதிப்பிட எதுவும் இல்லை. இரண்டாவதில் கவனித்தல், காரணம் தேடுதல், தன் தவற்றை உணர்தல் ஆகிய மூன்றும் தெரிகின்றன.

ஆகவே களக்குறிப்பேடு, குழு அறிக்கை, வாய்மொழித் தேர்வு ஆகியவற்றைச் சேர்த்து அகமதிப்பீடு செய்வதே பொருத்தமானது; எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதைப் பணி தொடங்குமுன் எழுத்தில் தந்துவிட வேண்டும். பணி நடந்த பகுதி மக்களின் கருத்தையும் கேட்கலாம். அதை மதிப்பெண்ணாக மாற்றாமல், அடுத்த பணியைத் திட்டமிடப் பயன்படுத்துவதே முறை. மாணவரின் அரசியல் கருத்துக்கோ சமயப் பற்றுக்கோ மதிப்பெண் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது. அவர் எந்த முடிவுக்கு வந்தார் என்பதைவிட, எதைப் பார்த்து, யாரைக் கேட்டு அந்த முடிவுக்கு வந்தார் என்பதையே ஆசிரியர் கவனிக்க வேண்டும்.

மாணவர்கள் குறிப்பை அன்றன்றே தேதி, இடம், நேரத்துடன் எழுதி, பொறுப்பாசிரியரிடமோ திட்ட அலுவலரிடமோ வாரந்தோறும் கையொப்பம் பெற்று, ஒரு நகலையும் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். சந்தித்தவர்களின் பெயரையும் படத்தையும் அவர்கள் ஒப்புதல் இல்லாமல் அறிக்கையில் சேர்க்கக் கூடாது.