தண்ணி ஊத்தி ஊத்தியே நான் சாகடிச்ச குண்டுமல்லி

மாடில பூச்செடி வைக்கணும்னு ஆசைப்பட்டு முதல் தடவையா நர்சரிக்குப் போறவங்க செய்யுற தப்பைத்தான் நானும் செஞ்சேன். எந்தத் தொட்டில மொட்டு ஜாஸ்தியா இருக்கோ அதத் தூக்கிட்டு வந்துட்டேன். குண்டுமல்லி, பத்துப் பன்னெண்டு மொட்டு, இலையெல்லாம் எண்ணெய் தடவுன மாதிரி பளபளன்னு இருந்துச்சு. வில்லாபுரத்துல எங்க வீட்டு மொட்டைமாடி, சித்திரை மாசம், மதுரை வெயிலப் பத்தி நான் சொல்லணுமா, பாவம் செடின்னு காலைல ஒரு மக்கு சாயங்காலம் ஒரு மக்கு ஊத்துனேன். மூணாவது வாரம் இலை தொங்கிருச்சு. ஓ தண்ணி பத்தலபோலன்னு மதியமும் ஊத்த ஆரம்பிச்சேன், நாலே நாள்ல கத முடிஞ்சுருச்சு.

திருமங்கலம் பக்கம் எங்க மாமா ஒருத்தர் மல்லி போட்டுருக்காரு. ஏதோ விசேஷத்துக்கு வீட்டுக்கு வந்தவர் மாடிக்கு வந்து பாத்தாரு. இலைய ஒரு பார்வைகூட பாக்கல, தொட்டியக் கவுத்தி மண்ணோட செடிய உருவி எடுத்து மூக்குகிட்ட நீட்டுனாரு.

"மோந்து பாரு மாப்ள."

அழுகுன முட்ட நாத்தம். வேரு வெள்ளையா இருக்க வேண்டியது கருப்பா கொழகொழன்னு இருந்துச்சு.

"நீ எங்க தண்ணி ஊத்துன, முக்கிப் போட்டுல்ல கொன்னுருக்க"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கக் கீழ போயிட்டாரு.

முக்கிக் கொல்றதுங்கறது கேலிக்குச் சொன்னது இல்ல, நடந்ததே அதுதான். செடி இலை வழியா மூச்சு விடுது, வேர் வழியா தண்ணி குடிக்குதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சதோட நாம நிறுத்திக்கிட்டோம். ஆனா வேரும் உசுருள்ள சாமான், அதுக்கும் ஆக்சிஜன் வேணும். நெல்லு, தாமரை மாதிரி செடிக்கெல்லாம் தண்டுக்குள்ளயே காத்து இறங்குற குழாய் அமைப்பு இருக்கு, அதனால சேத்துல நின்னாலும் அதுக கவலைப்படாது. மல்லிக்கு அந்த வசதி கிடையாது, மண்ணுத் துகளுக்கு நடுவுல இருக்கற சின்னச்சின்ன இடைவெளில நிக்கிற காத்தத்தான் வேர் நம்பி இருக்கு. அந்த இடைவெளி பூராவும் எந்நேரமும் தண்ணி நின்னா என்னாகும்? தண்ணிக்குள்ள ஆக்சிஜன் பரவுற வேகம் காத்துல பரவுறதவிட ஏறக்குறைய 10,000 மடங்கு கம்மி. வேரச் சுத்தி இருக்கற கொஞ்சநஞ்ச ஆக்சிஜன் தீந்ததும் மேலருந்து புதுசா வந்து சேர வழியே இல்ல.

ஆக்சிஜன் இருந்தா வேர் செல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூற எரிச்சு சுமார் 30 ஏடிபி எடுக்கும், ஏடிபிங்கறது செல்லுக்கான சில்லறைக் காசு மாதிரி, எந்த வேலைன்னாலும் அதக் குடுத்தாத்தான் நடக்கும். ஆக்சிஜன் இல்லேனா அதே குளுக்கோஸ்லருந்து கிடைக்கிறது ரெண்டே ரெண்டு, கூடவே சாராயமும் கொஞ்சம் சேந்துக்கிரும் (ஆமா, ஊறல் போட்டா நடக்குற அதே நொதித்தல்தான்). காசில்லாத வேர் வேலைய நிறுத்திரும், தண்ணிய உள்ள இழுக்குற வேலையும் சேத்துதான். இலை தொங்குறது அதனாலதான்! சுத்தி தண்ணி நிக்கிது, ஆனா குடிக்கத் தெம்பு இல்ல. அதப் பாத்துட்டு நாம தண்ணி பத்தலன்னு இன்னொரு மக்கு ஊத்துறோம். காத்தில்லாத அந்த மண்ணுல ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியா பெருகி ஹைட்ரஜன் சல்பைடுன்னு ஒரு வாயுவ விடும், மாமா மோந்து பாக்கச் சொன்ன முட்ட நாத்தம் அதுதான்.

வெயில் காலத்துல இது இன்னும் மோசம், அது ஏன்னு எனக்கே பின்னாடிதான் புரிஞ்சுச்சு. சூடு ஏற ஏற தண்ணில கரையுற ஆக்சிஜன் கம்மியாகும், ஆனா வேரோட மூச்சு வாங்கல் அதே நேரத்துல ஏறும், 10 டிகிரி கூடுனா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வரவு கொறையுது செலவு கூடுது. நான் எந்த மாசத்துல செடி வச்சு எவ்வளவு ஊத்துனேன்னு இப்ப மறுபடி வாசிச்சுப் பாருங்க.

சரி தண்ணி வடியணும், அதுக்குத்தான் தொட்டிக்கு அடில ஜல்லி போடுறோமேன்னு கேப்பீங்க. நானும் போட்டேன், ஓட்டுச்சில்லு, உடைஞ்ச செங்கல், எல்லாம். அது வேலைக்கு ஆகாது. பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்ச் ஒண்ண எடுத்து தண்ணில முக்கி படுக்க வச்சபடியே தூக்கிப் பிடிங்க, சொட்டுறதெல்லாம் சொட்டி நிக்கட்டும். இப்ப அத அப்படியே செங்குத்தாத் திருப்புங்க, நின்னுபோன தண்ணி மறுபடி ஒழுகும்! ஸ்பாஞ்ச் அதேதான், உயரம்தான் மாறிருக்கு. மண்ணும் அப்படித்தான், வடிஞ்சது போக அடில ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் அப்படியே தங்கும், அந்த உயரத்த முடிவு பண்றது மண்ணு எவ்வளவு பொடிசுங்கறது. ஜல்லி போட்டா அந்த ஈரப்பட்டை ஜல்லிக்கு மேல ஏறி உக்காந்துக்கிரும், வேருக்கு இன்னும் பக்கத்துல. ஆக ஜல்லிய விட்டுட்டு உயரமான தொட்டியா வாங்குங்க, ஒரு பன்னெண்டு இஞ்சாவது ஆழம், அடி ஓட்டை மண்ணு விழாம இருக்க ஒரு துண்டு நைலான் வலை போதும். கீழ ரெண்டு செங்கல் முட்டுக் குடுத்துருங்க, ஓட்டையும் அடைக்காது, மாடித் தரை சூடும் நேரா ஏறாது.

மண்ணுக்கு எங்க மாமா கணக்கு செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நல்லா மக்குன தொழுவுரம் ஒரு பங்கு. நல்லா மக்குனதுங்கறத அடிக்கோடு போட்டுக்கங்க, பச்சச் சாணியப் போட்டா அது மக்குறப்ப இருக்கற ஆக்சிஜனையும் அதுவே தின்னுரும். உசிலம்பட்டி பக்கம் சொந்தக்காரங்க கரிசல் மண்ணு மூட்டையாத் தரேன்னு சொன்னா அன்பா மறுத்துருங்க, பருத்திக்கு அது தங்கம், தொட்டி மல்லிக்கு அது சிமெண்ட்.

தொட்டில நான் மண்தொட்டி கட்சி. மானாமதுரை பக்கத்துலதான இருக்கு, கடம் செய்யுற ஊர்ல தொட்டிக்கா பஞ்சம். மண்தொட்டி செவுத்து வழியா ஈரம் கசிஞ்சு ஆவியாகும், ஒரு கிராம் தண்ணி ஆவியாகுறதுக்கு சுமார் 580 கலோரி வெப்பத்த இழுத்துட்டுப் போகும், பானைத் தண்ணி ஜில்லுன்னு இருக்கற அதே கதை. செவுத்து வழியா காத்தும் போகும். ஆனா சீக்கிரம் காயும், ஊருக்குப் போற ஆளா இருந்தா பிளாஸ்டிக்தான் தோது. எப்ப ஊத்தணும்னு காலண்டர் பாக்காதீங்க, ஆள்காட்டி விரல ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள்ள விடுங்க, காஞ்சிருந்தா அடி ஓட்டைல வடியுற வரைக்கும் நிறைய ஊத்துங்க, ஈரமா இருந்தா கையக் கட்டிக்கிட்டு கீழ போங்க. நிறைய ஊத்துறதுலயும் ஒரு விஷயம் இருக்கு, தண்ணி இறங்குறப்ப பின்னாடியே புதுக் காத்தையும் மண்ணுக்குள்ள இழுத்துட்டுப் போகும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சா அது நடக்காது.

ரெண்டாவது செடிய மாமாவே குச்சியா வெட்டிக் குடுத்தாரு. குண்டுமல்லிக்கு விதைங்கறத நம்ம ஊர்ல பாக்கவே அபூர்வம், எல்லாம் குச்சிலருந்து வந்ததுதான், அதாவது நீங்க வைக்கிற செடி எப்பவோ எங்கயோ இருந்த ஒரு தாய்ச்செடியோட அச்சு நகல். நம்ம பக்கம் தோட்டத்துக்கு நாத்து நிறைய வர்றது ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துல தங்கச்சிமடத்துலருந்து. கடலோர மணல்ல பெருசா என்ன சத்து இருக்கப் போகுதுன்னு நெனச்சேன், ஆனா வேர் விடுற குச்சிக்குச் சத்தவிட காத்துதான் முக்கியம், மணல்ல அது கொட்டிக் கிடக்கு.

குச்சி எப்படி வேர் விடுதுங்கறது தனிச் சுவாரசியம். செடியோட நுனிலயும் இளம் இலைலயும் ஆக்சின்ங்கற ஒரு ஹார்மோன் உருவாகி கீழ்நோக்கியே போயிட்டு இருக்கும், ஒருவழிப் பாதை. நாம நடுவுல வெட்டுனதும் போற வழி இல்லாம வெட்டுன வாய்ல வந்து தேங்கும். அங்க இருக்கற செல்லுக ‘ஓ, இதான் அடிப்பகுதி போல’ன்னு முடிவு பண்ணி வேரா மாற ஆரம்பிக்கும். அதனாலதான் குச்சியத் தலைகீழா நட்டா சொதப்பிரும். கொஞ்சம் முத்துன குச்சி, ஆறு இஞ்சு, கணுவுக்குக் கீழ வெட்டி, மேல ரெண்டு இலைய மட்டும் விட்டு மத்ததக் கிள்ளிருங்க, ஏன்னா வேரே இல்லாத செடி இலை வழியா தண்ணிய விட்டுக்கிட்டு இருந்தா தாங்காது. ஈர மணல்ல சொருகி, அடிய வெட்டுன வாட்டர் பாட்டிலக் கவுத்து நிழல்ல வச்சேன். நாலு குச்சில ரெண்டு பொழச்சுச்சு. தினமும் புடுங்கி வேர் வந்துருச்சான்னு பாக்காம இருந்துருந்தா நாலும் பொழச்சிருக்கும்.

இப்ப பூவுக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நேரடி வெயில் இல்லேனா மல்லிய மறந்துருங்க, பால்கனி நிழல்னா வேற செடி பாருங்க. மொட்டுங்கறது செடிக்கு ஆடம்பரச் செலவு, சர்க்கரை மிச்சம் இருந்தாத்தான் செய்யும், சர்க்கரை வெயில்லருந்துதான் வரும். அடுத்தது நாம செய்யுற பாவம், பூக்கலையேன்னு யூரியா அள்ளிப் போடுறது, யூரியான்னா முழுக்க தழைச்சத்து (நைட்ரஜன்). வேளாண் பல்கலைக்கழகம் தோட்டத்து குண்டுமல்லிக்குச் சொல்றது செடிக்கு வருசத்துக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 மணிச்சத்து (பாஸ்பரஸ்), 120 சாம்பல்சத்து (பொட்டாஷ்), அதையும் ரெண்டாப் பிரிச்சு. தொட்டிக்கு இவ்வளவு போட்டா வேர் வெந்துரும், அளவ விடுங்க, விகிதத்தப் பாருங்க, தழைச்சத்து மத்ததுல பாதிதான். அது கூடுனா செடி இலையும் கொடியுமா சொகமா வளரும், பூக்கணும்னே தோணாது.

ஆனா உண்மையான சூட்சுமம் கவாத்துலதான் இருக்கு, அதாவது கிளைய வெட்டிவிடுறதுல. குண்டுமல்லி மொட்டு வைக்கிறது புதுசா விட்ட தளிரோட நுனில. பழைய குச்சி சும்மா நிக்கும், அவ்வளவுதான். அப்ப பூ நிறைய வேணும்னா புது நுனி நிறைய வேணும், கணக்கு நேரா இருக்கு. ஆனா செடி அத விடாது, உச்சி நுனில உருவாகிக் கீழ வர்ற ஆக்சின் (குச்சில வேர் விட்ட அதே ஆள்தான்) பக்கத்துக் கணுக்கள்ல தளிரா வர வேண்டிய மொட்டையெல்லாம் ‘நீங்க தூங்குங்கப்பா’ன்னு அடக்கி வச்சிருக்கும். சர்க்கரையும் உச்சிக்கே போயிக்கிட்டு இருக்கும். உச்சிய வெட்டுனா அதட்டுற ஆளு போயாச்சு, சர்க்கரை பக்கத்துக்குத் திரும்புது, தூங்கிட்டு இருந்ததெல்லாம் ஒண்ணா முழிச்சுக்கிரும். ஒரு நுனி இருந்த எடத்துல ரெண்டு, மூணு.

நவம்பர் கடைசி வாரத்துல தரைலருந்து 50 செண்டிமீட்டர் விட்டு மேல எல்லாத்தையும் வெட்டிரணும். ஏன் அந்த நேரம்னா, மார்கழி தைப் பனில எப்படியும் பூ கொறைஞ்சுதான் போகும் (அந்த மாசத்துல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மல்லி கிலோ ஆயிரக்கணக்குல போறது இதனாலதான், பொங்கல் சமயத்துல யாரும் வெலை கேக்காதீங்க), அந்தச் சும்மா இருக்கற நேரத்துல வெட்டிவிட்டா பனி முடிஞ்சு சூடு ஏறுறப்ப தளிர் ரெடியா இருக்கும். நான் கத்திரிய எடுத்தப்ப எங்கம்மா என்னப் பாத்த பார்வை இருக்கே, பச்சப்புள்ளய அடிக்கப் போறவனப் பாக்குற மாதிரி.

நடுவுல ரெண்டு தொல்லை வரும், சுருக்கமாச் சொல்லிர்றேன். நரம்பு பச்சையா இருந்து நடுவுல மட்டும் இலை வெளுத்தா அது இரும்புச்சத்து கொறை. மண்ணுல இரும்பு இருக்கும், ஆனா நம்ம போர் தண்ணி உப்பு சேரச்சேர மண்ணு காரத்தன்மைக்குப் போயி இரும்பு கரையாம நின்னுரும், தொட்டி ஓரத்துல வெள்ளை வெள்ளையாப் படிஞ்சிருந்தா அதான் அடையாளம். லிட்டருக்கு அஞ்சு கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைச்சு இலைல தெளிச்சா சரியாகும், மழைத்தண்ணி புடிச்சு ஊத்துனா இன்னும் நல்லது. மொட்டு ஊதா நிறமாகி ஓட்டை தெரிஞ்சா மொட்டுப்புழு, கையாலயே கிள்ளித் தூர எறிங்க, ஒரு செடிக்கு மருந்தெல்லாம் எதுக்கு.

மாசி கடைசில ஏழு மொட்டு வந்துச்சு. 2013ல புவிசார் குறியீடு வாங்குன மதுரை மல்லி வம்சம்னு சொல்லிக்கலாம், ஏழுதான்னாலும்.

மல்லிய விடியக்காலைல மொட்டாவே பறிச்சிருவாய்ங்கல்ல, பறிச்ச மொட்டு சாயங்காலம் தானா விரியுதே அது எப்படின்னு எனக்குச் சின்ன வயசுலருந்தே சந்தேகம். அதனால அஞ்சு மொட்டப் பறிச்சு ஈரத்துணில வச்சேன், ரெண்டச் செடியிலயே விட்டேன். பூ விரியுறதுங்கறது இதழ் செல்லுக்குள்ள சர்க்கரை கூடி அது தண்ணிய இழுத்து உப்புறதுதான், உள்பக்கம் வெளிப்பக்கத்தவிட வேகமா உப்புனா இதழ் வெளிய வளையும். அதுக்கு வேண்டிய தண்ணியும் சர்க்கரையும் முத்துன மொட்டுக்குள்ளயே இருக்கு, எப்ப விரியணும்ங்கற கடிகாரமும் உள்ளயே ஓடுது. வாசனையும் அதே மாதிரிதான், முன்னாடியே செஞ்சு அடைச்சு வைக்கிறது இல்ல, விரியுறப்பத்தான் பென்சைல் அசிட்டேட், லினலூல்னு ஒவ்வொண்ணா வெளிய வரும், கூடவே இன்டோல்னு ஒண்ணு துளியூண்டு. தனியா நிறைய மோந்தா இன்டோல் பாச்சை உருண்டை மாதிரி நாறும், ஆனா அந்தத் துளி இல்லேனா மல்லி மல்லியா மணக்காது. பறிச்ச பூ அதுக்கப்புறமும் மணத்த உண்டாக்கிக்கிட்டே இருக்கும்ங்கறதாலதான் பழைய காலத்து பிரெஞ்சு அத்தர்க்காரங்க மல்லிய வேகவைக்காம, கொழுப்பு தடவுன கண்ணாடி மேல பரப்பி வாசனைய உறிஞ்ச வச்சாங்க. ராத்திரி வெள்ளையா விரிஞ்சு மணக்குறதெல்லாம் அந்துப்பூச்சியக் கூப்புடுறதுக்கு, அது வந்து சேர்றதுக்குள்ள நாம பறிச்சு முழம் போட்டுர்றோம்.

சாயங்காலம் ஏழு மணி வாக்குல செடியில விட்ட ரெண்டும், துணில இருந்த அஞ்சும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் விரிஞ்சுச்சு. அம்மா அஞ்சையும் எடுத்து உள்ளங்கைல வச்சுப் பாத்துட்டு, "வருசம் பூரா பாடுபட்டு இம்புட்டுதானாடா, ஒரு கிள்ளுக்குக்கூடக் காணாது"ன்னு சொன்னாங்க. சொல்லிட்டு நூல் தேடப் போனாங்க.