போர்டிங்கில் சேர்ப்பதற்கு முன் வீட்டைப் பாருங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன், தென்மாவட்டக் கிறிஸ்தவ சபைகளின் சேகரங்களில் குருவானவரின் வீட்டுக்கு வந்து, “பிள்ளையை எப்படியாவது போர்டிங்கில் சேர்த்துவிடுங்கள், ஐயா” என்று விடுதியில் இடம் கேட்டுக் கெஞ்சும் தாய்மாரை இன்றும் காணலாம். குழந்தைகள் நலப் பணியில் ஆற்றுப்படுத்துநராக இருக்கும் நான் அத்தகைய குடும்பங்கள் பலவற்றோடு பேசியிருக்கிறேன். பிள்ளையைப் பிரிய விரும்பிக் கேட்பவர்கள் அவர்களுள் மிகச் சிலரே.

தாது வருடப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை ஊர்களைச் சூறையாடியபோது, நாசரேத்தில் மிஷனரி மர்காசிஸ் ஐயர் ஆதரவற்ற பிள்ளைகளை ஏற்றார். 1901-இல் டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் தொடங்கிய பணி, கோயில்களுக்கு ஒப்படைக்கப்படும் ஆபத்திலிருந்த சிறுமிகளுக்குப் புகலிடமாயிற்று. திரும்பிப் போக வீடில்லாத பிள்ளைகளுக்காக எழுந்த ஏற்பாடுகள் அவை. இன்று வந்து நிற்கும் பிள்ளைக்கோ பெரும்பாலும் தாயோ பாட்டியோ இருக்கிறார், இல்லாதது வருமானம். குடும்பமே குழந்தையின் முதல் பொறுப்பு என்பதையும், நிறுவனப் பராமரிப்பு கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்பதையும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் அடிப்படைக் கோட்பாடுகளில் வைத்திருப்பதும் இதனால்தான்.

கணவரை இழந்து பீடி சுற்றிப் பிழைக்கும் தாய் ஒருவர், தம் மூத்த மகளுக்கு விடுதியில் இடம் கேட்டார். வீட்டுக்குச் சென்று பார்த்தபோது, பள்ளி விட்டு வந்த அந்தச் சிறுமி சீருடையைக்கூட மாற்றாமல் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, தாய் சுற்றிப் போட்ட பீடிகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். குடும்ப அட்டையில் இறந்தவரின் பெயரே தலைவராக இருந்தது. இறப்புச் சான்றிதழில் முன்னெழுத்து மாறியிருந்ததால் விதவை உதவித்தொகைக்கான மனு திரும்பி வந்திருந்தது. அந்தத் தாய்க்கு இ-சேவை மையத்துக்கு ஒரு நாள் போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த ஓர் அக்கா கூடவே அலைந்து தாள்களைச் சரிசெய்தார். சபை செய்யக்கூடிய உதவிகளுள் இதைவிடப் பெரியது அதிகம் இல்லை என்பது என் கருத்து. பரிசளிப்பு விழாவில் நோட்டுப் புத்தகம் கொடுப்பதுபோல் இதைப் புகைப்படம் எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

தாள்கள் சரியானால் வழிகள் திறக்கும். ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்கவேண்டும். கணவரை இழந்த தாயின் பிள்ளைகளும், உறவினர் வீட்டில் வளரும் ஆதரவற்ற பிள்ளைகளும் இதற்குள் வருவார்கள். விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்கவேண்டும். தமிழக அரசின் விதவை உதவித்தொகையும், பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ளோரின் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையும் தனி.

பணத்துக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது, மாலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே பிள்ளை பத்திரமாக இருக்க ஓர் இடம். ஆலயத்தை ஒட்டிய கூடம் வாரநாள்களில் பூட்டித்தான் கிடக்கிறது. அசனம் என்னும் சபை விருந்துக்கு வாங்கிய பாத்திரங்களும் ஆண்டில் ஓரிரு நாளே அடுப்பேறுகின்றன. அங்கே ஒரு சுண்டலும், வாலிபர் ஐக்கியத்தில் கல்லூரி படிக்கும் இருவரின் உதவியும் இருந்தால் மாலைப் படிப்பகம் நடந்துவிடும். தெருவிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அது திறந்திருக்கவேண்டும். ஜெபத்தில் உட்காருவதைச் சுண்டலுக்கு விலையாக்கக் கூடாது.

பெரியவர் ஒருவர் மட்டும் பிள்ளையோடு தனித்திருக்கும்படி எந்த ஏற்பாடும் வேண்டாம். மத நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் செய்யும் பாலியல் குற்றத்தை குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கடுமையான குற்றமாக வகைப்படுத்துகிறது. தெரிந்தும் புகாரளிக்காதவருக்கும் சிறைத்தண்டனை உண்டு. சபைக்கு அவப்பெயர் வரும் என்று மூப்பர்கள் கூடிப் பேசி முடித்துவிட எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. அழைக்கவேண்டிய எண், குழந்தைகள் உதவி எண்ணான 1098.

எல்லாம் செய்தும் வீட்டில் வைத்திருக்க முடியாத பிள்ளைகள் உண்டு: குடித்துவிட்டு அடிக்கும் தந்தை, மனநலம் குன்றித் துணையின்றி இருக்கும் தாய், யாருமே இல்லாத நிலை. இத்தகைய பிள்ளையைச் சட்டப்படி மாவட்டத்தில் அமைந்துள்ள குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தி, அதன் ஆணையோடு பதிவுபெற்ற இல்லத்தில் சேர்க்கவேண்டும். பதிவில்லாத இல்லத்தை நடத்துபவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அங்கு சேர்ந்த பிறகும் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகவும், தாய் வந்து பார்க்கவும் பேருந்துக் கட்டணத்தைச் சபையின் நலநிதியிலிருந்து ஒதுக்கலாம். நிலைமை சீரானதும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்படி குழுவிடம் கேட்பதும் சேர்த்துவிட்டவரின் பொறுப்பே.