யன்னல் கதிரையில் ஏன் யன்னல் இல்லை?

"யன்னல் பக்கம்" என்று கேட்டு எடுத்த இடத்தில் போய் இருந்தால் தோளருகே வெறும் சுவர். விமானத்தின் எலும்புக்கூடு ஓர் அளவில் போக, கதிரைகள் வேறோர் அளவில் போவதால் வரும் வினை இது.

விமான உடலைச் சுற்றி விலா எலும்புகள் போலச் சட்டங்கள் நிற்கின்றன. போயிங் 737இல் அவற்றின் இடைவெளி 20 அங்குலம், ஏர்பஸ் ஏ320இல் ஏறத்தாழ 21. இரண்டு சட்டங்களுக்கு நடுவில்தான் யன்னல் வெட்டலாம். கதிரைகளோ தரையில் நீளத்துக்கு ஓடும் தண்டவாளங்களில் பூட்டப்படுகின்றன. தண்டவாளத்தில் அங்குலத்துக்கொரு துளை. பூட்டைத் தளர்த்தி ஒரு துளை தள்ளினால் வரிசை ஓர் அங்குலம் நெருங்கிவிடும். 30 வரிசையையும் அப்படி நெருக்கினால் மிஞ்சுவது ஏறத்தாழ 30 அங்குலம், அதாவது இன்னொரு முழு வரிசை, ஆறு ரிக்கற். யன்னலுக்கும் கதிரைக்கும் பொருத்தம் தப்புவது இங்கேதான்.

விமான நிறுவனங்கள் சொல்லும் 'பிட்ச்' என்பது ஒரு கதிரையின் ஒரு புள்ளியிலிருந்து முன் கதிரையின் அதே புள்ளிவரை உள்ள தூரம். சாதாரண வகுப்பில் பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலம். பலர் இதைக் கால் நீட்டும் இடம் என்று நினைக்கிறார்கள். முதுகுச் சாய்வின் தடிப்பும் அதற்குள்தான் அடக்கம். சாய்வு மெல்லியதாகி, அதன் பின்புறத்திலுள்ள புத்தகப் பையும் முழங்காலுக்கு மேலே ஏறிய 30 அங்குலக் கதிரை, பழைய தடித்த 31 அங்குலக் கதிரையைவிட முழங்காலுக்கு அதிக இடம் தரலாம். ஆனால் மெத்தையும் மெலிந்திருந்தால் மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு இடுப்பு சொல்லும்.

யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்குப் போகும் ஏ.ரி.ஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம் வேறு விதம். வரிசைக்கு இரண்டிரண்டாக நான்கு கதிரை. நடுக்கதிரை என்ற தொல்லையே இல்லை. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பாக்குநீரிணை மறையாது. பயணிகள் ஏறுவது பின்கதவால், முன்பக்கத்தில் பொதியறை. சுழல்விசிறி ஒவ்வொன்றும் ஆறு அலகோடு ஏறத்தாழ 3.9 மீற்றர் விட்டம். அலகு ஒவ்வொரு முறை கடக்கும்போதும் காற்றழுத்தம் சுவரில் அடிக்கிறது. அந்த அதிர்வுதான் விசிறிக்கு அருகிலுள்ள முன்வரிசைகளில் ஓயாத இரைச்சல். காது நொந்தவர்களும் குழந்தையோடு போகிறவர்களும் பின்வரிசை கேட்பது நல்லது. மேல் தட்டு சிறியது. பெரிய ஜெட் விமானத்தில் கொள்ளும் கைப்பெட்டி இங்கே கொள்ளாமல் போகலாம். மருந்தையும் கடவுச்சீட்டையும் சின்னப் பையில் தனியே வையுங்கள்.

சென்னையிலிருந்து லண்டன், ரொறன்ரோ என்று நீளும் பயணத்தில் கவனிக்க வேண்டியது அகலம். போயிங் 777இல் வரிசைக்கு ஒன்பது கதிரை என்றால் ஒன்று ஏறத்தாழ 18 அங்குலம். பத்து என்றால் 17 அளவு. விமானம் ஒன்றுதான், தோள்தான் இடிபடும். அவசரக் கதவு வரிசையில் கால் தாராளம், ஆனால் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருந்தால் இருக்கை சற்று ஒடுங்கும். கதவைத் திறக்க வலுவில்லாத முதியவர்களுக்கு அதைத் தரவும் மாட்டார்கள். அதற்கு நேர் முன்வரிசை, வழியை மறிக்காமலிருக்க, பெரும்பாலும் சாயாது. சில கதிரைகளுக்குக் கீழே திரைப்படக் கருவியின் பெட்டி இருந்து, பின்னால் இருப்பவர் கால் நீட்டும் இடத்தைக் குறைக்கும்; கால் வீங்குகிற அம்மா அப்பாவுக்கு இடம் எடுக்கும்போது அது எந்தக் கதிரைக்குக் கீழே என்று ரிக்கற் போடுமுன் கேளுங்கள்.