ஸ்பிரிங் பைபாஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

டார்ச் லைட்டைப் பிரித்து வீட்டிலேயே மேம்படுத்துகிறவர்கள் பேச்சில் ‘ஸ்பிரிங் பைபாஸ்’ என்ற சொல் அடிக்கடி வரும். பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் அடியையும் நுனியையும் சேர்த்து ஒரு செப்புக் கம்பியைப் பற்றவைப்பதற்குத்தான் அந்தப் பெயர். ஸ்பிரிங்கின் சுற்று முழுவதும் சுற்றி வரவேண்டிய மின்னோட்டம், கம்பி வழியே குறுக்காகப் போய்விடும்.

பைபாஸ் என்ற ஆங்கிலச் சொல் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எரிவாயுத் தொழிற்சாலைகளில் பிறந்தது. பெரிய குழாய்க்குப் பக்கத்தில் வாயு போக வைத்த கிளைக்குழாய்க்கு அப்படிப் பெயரிட்டார்கள். 1920களில் அது சாலைக்கு வந்தது, 1950களில் இதய அறுவை சிகிச்சைக்கு. தமிழில் சாலைக்கு மட்டும் ‘புறவழிச்சாலை’ நன்றாக ஊன்றிவிட்டது. மற்ற இடங்களில் எல்லோரும் பைபாஸ் என்றே சொல்கிறோம்.

ஸ்பிரிங் என்பதன் வேர்ப்பொருள் துள்ளுதல், குதித்தெழுதல். நீரூற்றுக்கும் வசந்த காலத்துக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். தமிழில் ‘சுருள்வில்’. இது பாடநூல்களில் பழகிய சொல், அழகான சொல்லும்கூட: வடிவத்தைச் ‘சுருள்’ காட்டுகிறது, வளைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும் குணத்தை ‘வில்’ காட்டுகிறது.

சிக்கலே அந்தத் திரும்பும் குணத்தில்தான் இருக்கிறது. நன்றாக மின்சாரம் கடத்தும் செம்பு, அழுத்தினால் அழுத்தியபடியே கிடக்கும். நன்றாகத் துள்ளும் எஃகு, மின்சாரத்தைச் செம்பு அளவுக்குக் கடத்தாது. ஒரே அளவுள்ள கம்பியில் சாதாரண எஃகின் மின்தடை செம்பைப் போலப் பத்து மடங்கு இருக்கும். துருப்பிடிக்காத எஃகு என்றால் நாற்பது மடங்குகூட இருக்கும். கணக்கே போட்டுப் பார்க்கலாம். 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பி, சுருளை நீட்டினால் 20 சென்டிமீட்டர் வரும் என்று வையுங்கள். அதன் மின்தடை சுமார் 0.08 ஓம். அதில் 3 ஆம்பியர் ஓடினால் 0.24 வோல்ட் அங்கேயே இறங்கிவிடும், முக்கால் வாட் அளவு ஆற்றல் வெறும் சூடாகப் போகும். முழுதாகச் சார்ஜ் ஆன லித்தியம்-அயன் பேட்டரியில் இருப்பதே 4.2 வோல்ட். வெள்ளை எல்.இ.டி.க்கு அதில் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். நடுவில் மிஞ்சும் கொஞ்சத்தில் கால் வோல்ட் என்பது பெரிய பங்கு. இரண்டு பக்கமும் ஸ்பிரிங் உள்ள டார்ச்சில் இந்த இழப்பு இருமடங்கு.

அதே தடிமனில் 3 சென்டிமீட்டர் செப்புக் கம்பியின் தடையோ சுமார் 0.001 ஓம்தான். பற்றவைத்த இடங்களின் தடையைச் சேர்த்தாலும் வித்தியாசம் பெரிது.

சரி, இதற்குத் தமிழ்ச் சொல் என்ன? ‘சுருள்வில் புறவழி’ என்று உடனே சொல்லிவிடலாம், புரியவும் செய்யும். எனக்கு அதில் ஒரு தயக்கம். புறவழி என்றதும் ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போவது நினைவுக்கு வருகிறது. ஸ்பிரிங் இனித் தேவையில்லை, கழற்றிவிடலாம் என்றுகூட ஒருவர் நினைக்கக்கூடும். ‘மாற்றுவழி’ அதைவிட மோசம், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்ற பொருள் தந்துவிடும். நடப்பது என்னவென்றால், ஸ்பிரிங் அதே இடத்தில் இருந்து பேட்டரியை அழுத்துகிறது, மின்னோட்டத்திலும் ஒரு சிறு பங்கைக் கடத்துகிறது. பெரும்பங்கைப் பக்கத்துக் கம்பி வாங்கிக்கொள்கிறது. இயற்பியலில் இதைப் ‘பக்க இணைப்பு’ என்கிறோம். அதனால் ‘சுருள்வில் பக்கவழி’ என்பதே என் தேர்வு. பேச்சில் ‘பக்கவழிக் கம்பி’ போதும்.

கூடவே வரும் இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். பற்றவைக்க உருக்கிச் சேர்க்கும் உலோகமான சால்டருக்குத் தமிழில் ‘பற்றாசு’ என்ற பழைய சொல் உண்டு. பொற்கொல்லர் சொல் இது, யாப்பிலக்கணத்துக்கும் போயிருக்கிறது. வெண்பாவின் இரண்டாம் அடியில் தனிச்சொல்லை ஒட்டவைக்க ஓரிரு அசை சேர்த்தால் அதற்கு ‘ஆசு’ என்று பெயர், அந்த வெண்பா ‘ஆசிடை நேரிசை வெண்பா’. உலோகத்தை ஒட்டும் பற்றாசைப் போலச் சீர்களை ஒட்டுவதால் வந்த பெயர். டார்ச்சுக்குள்ளும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வேலையில் இறங்குகிறவர்களுக்கு: பல மெல்லிய இழைகள் சேர்ந்த, சிலிக்கோன் உறை போட்ட கம்பிதான் ஏற்றது. பற்றாசு இழைகளுக்குள் ஊறி ஏறினால் கம்பி விறைத்து, ஸ்பிரிங் அமுங்காது. பற்றவைக்கும் கருவியை நிறைய நேரம் வைத்தால் ஸ்பிரிங்கின் துள்ளலே போய்விடும். பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் எதையும் தொடவேண்டும். அதன் முனையில் நேரடியாகக் கம்பி பற்றவைப்பது ஆபத்து. வேலை முடிந்தபின் கம்பி உலோக உடலில் உரசாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லா டார்ச்சுக்கும் பலன் ஒரே மாதிரி இருக்காது. பேட்டரியின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தாமல் அப்படியே எல்.இ.டி.க்கு விடும் வகையில் வெளிச்சம் கூடும், சூடும் கூடும், சுவிட்ச் மேல் விழும் சுமையும் கூடும். டிரைவர் எனப்படும் கட்டுப்பாட்டு மின்சுற்று மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் வகையில், முழு சார்ஜில் வித்தியாசமே தெரியாது. பேட்டரி இறங்கும்போது வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம் மங்காமல் நிற்கும். சாதாரணத் துத்தநாக-கார்பன் பேட்டரி போட்ட டார்ச்சில் பக்கவழி போட்டுப் பெரிதாகப் பலன் இல்லை, பேட்டரியின் உள்தடையே அதிகம். அப்புறம், கம்பியைத் தேடுவதற்கு முன் திருகு மரைகளையும் தொடுமுனைகளையும் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, சுவிட்சைப் பிடித்திருக்கும் வளையத்தை இறுக்கிப் பாருங்கள். மின்னோட்டம் அலுமினிய உடல் வழியாகத்தான் திரும்புகிறது என்பதால், மங்கலான பல டார்ச்சுகளுக்கு அதுவே போதும்.