தொங்கும் கதவுக்கு ஸ்ட்ரைக்கரை இறக்காதீர்கள்

பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். கதவு தொங்கினால் ஹிஞ்சை, அதாவது கீலைப் பாருங்கள். கதவின் லாக் கவ்வும் கொக்கியான ஸ்ட்ரைக்கரில் கை வைக்காதீர்கள், வைக்கவும் விடாதீர்கள். டிங்கரிங் பட்டறைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

சமீபத்தில் ஒரு மாருதி 800 வந்தது. இடது முன்கதவு சரியாக மூடவில்லை என்று அதன் உரிமையாளர் வெவ்வேறு இடங்களில் காட்டியிருக்கிறார். போன இடத்தில் எல்லாம் ஸ்ட்ரைக்கரைக் கொஞ்சம் இறக்கி முடுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இறக்க இனி இடமில்லை என்றானதும் யாரோ அரத்தால் ராவி ஓட்டையையே பெரிதாக்கியிருக்கிறார்கள். கடைசியில், கார் வலது பக்கம் திரும்பும்போது அந்தக் கதவு தானாகத் திறந்துகொண்டது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி சீட் பெல்ட் போட்டிருந்தார், பிழைத்தார். நான் கதவை ஆட்டிப் பார்த்தேன். மேல் ஹிஞ்சின் ‘பின்’, அதாவது கதவு சுழலும் அச்சுக் கம்பி, அதன் ஓட்டைக்குள் கடகடவென்று ஆடியது. கார் போன ஒரு இடத்தில்கூட அதை யாரும் பார்க்கவில்லை.

ஸ்ட்ரைக்கர் என்பது நடுத்தூணில் இருக்கும் கொக்கி. கதவின் லாக் வந்து அதைத்தான் கவ்வும். கவ்விப் பிடிப்பதுதான் அதன் வேலை. கதவின் எடையைச் சுமப்பது ஹிஞ்சின் வேலை. கண்ணாடி, கண்ணாடி ஏற்றும் மெஷின், லாக் எல்லாம் சேர்ந்து ஒரு சின்னக் காரின் முன்கதவே 20 கிலோவுக்கு மேல் வரும். அம்பாசிடர் கதவைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். அத்தனை எடையும் முன்தூணில் இருக்கும் இரண்டு ஹிஞ்சில்தான் தொங்குகிறது.

இரண்டு ஹிஞ்சுக்கும் நடுவே சுமார் 35 செ.மீ. இருக்கும். கதவின் நீளமோ ஒரு மீட்டருக்குப் பக்கம். அதனால் மேல் ஹிஞ்சின் புஷ் (பின்னைச் சுற்றியிருக்கும் உலோகக் குழல்) 1 மி.மீ. தேய்ந்தாலே கதவின் பின்முனை ஏறக்குறைய 3 மி.மீ. கீழே இறங்கிவிடும். லாக் நேராகப் போய் ஸ்ட்ரைக்கரைக் கவ்வாமல் அதன்மேல் இடிக்கும். ‘கதவு மூடலை’ என்று நீங்கள் வருவது அப்போதுதான். அந்த நேரத்தில் ஸ்ட்ரைக்கரை 3 மி.மீ. இறக்கினால் கதவு ‘டப்’ என்று அழகாக மூடும். வேலை முடிந்துவிட்டது போலவே இருக்கும். வந்தவருக்கும் சந்தோஷம், ஸ்பேனர் பிடித்தவருக்கும் சந்தோஷம்.

ஆனால் தேய்ந்த புஷ் அப்படியேதான் இருக்கிறது. ஆட்டம் உள்ள இடத்தில் தேய்மானம் இன்னும் வேகமாக நடக்கும், வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவமாகும், கதவு மறுபடியும் இறங்கும், மறுபடியும் ஸ்ட்ரைக்கரை இறக்குவார்கள். அதோடு, கதவு நேராகக் கீழே இறங்குவதில்லை, சாய்கிறது. மேல்பகுதி பின்னால் போகும், கீழ்ப்பகுதி முன்னால் வரும். ஸ்ட்ரைக்கரை எவ்வளவு இறக்கினாலும் இந்தச் சாய்வு நிமிராது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் ஒரு பக்கம் நசுங்கும், இன்னொரு பக்கம் ஒட்டவே ஒட்டாது. அந்த வழியாக மழைத்தண்ணீர் உள்ளே வரும். அதற்குப் புது பீடிங் வாங்கி மாட்டுகிறவர்களும் உண்டு. அந்தச் செலவுக்கு ஹிஞ்சையே பார்த்திருக்கலாம்.

லாக்கில் இரண்டு நிலை உண்டு. முதல் ‘க்ளிக்’ அரைப்பூட்டு, இரண்டாவதுதான் முழுப்பூட்டு. ஐ.நா.வின் வாகன விதிமுறை எண் 11, முழுதாகப் பூட்டிய லாக் நீளவாக்கில் 11,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. சுமார் 1,100 கிலோ எடை இழுப்பதற்குச் சமம். அரைப்பூட்டுக்கு அதில் பாதிகூட இல்லை. சாய்ந்த கதவில் லாக் கோணலாக வந்து பல நேரம் அரைப்பூட்டிலேயே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மூடிய கதவு மாதிரியேதான் தெரியும்.

ஒரு தனிக் கோபமும் உண்டு. 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும் நேரத்தில் முழு பெயின்ட் அடிக்கக் கார் வரும். கதவு சாய்ந்து ஒரு பக்க இடைவெளி விரிந்திருப்பதைப் பட்டி பூசி நிரப்பி, மேலே பெயின்ட் அடித்துக் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பின்னால் யாராவது ஹிஞ்சைச் சரிசெய்து கதவு நிமிர்ந்தால், அந்தப் பட்டிதான் முதலில் இடித்து உடையும். கதவைச் சரிசெய்த பிறகுதான் பெயின்ட்.

சோதித்துப் பார்க்க மெக்கானிக் வேண்டியதில்லை. கதவைப் பாதி திறந்து, பின்முனையைப் பிடித்து மேலும் கீழுமாகத் தூக்கிப் பாருங்கள். இன்னொருவர் ஹிஞ்ச் பக்கம் குனிந்து, எந்த இடம் ஆடுகிறது என்று கவனிக்கட்டும். ஹிஞ்சின் பின் அதன் ஓட்டைக்குள் ஆடினால் புஷ் போய்விட்டது. ஹிஞ்சின் தகடே தூணிலிருந்து விலகி விலகி வந்தால் போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது தூணின் தகடு விரிசல் விட்டோ துருப்பிடித்தோ இருக்கலாம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க் கார்களில் இந்தத் துருவைத்தான் முதலில் தேடுவேன். ஸ்குரூ டிரைவரால் அழுத்தினால் உள்ளே இறங்குகிறதா? அப்படியானால் புது புஷ் போட்டுப் பயனில்லை. தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகுதான் ஹிஞ்ச் வேலை.

சிலர் ஜாக்கியைக் கதவுக்குக் கீழே கொடுத்து நெம்புவார்கள். ஹிஞ்ச் இடுக்கில் கட்டை வைத்துக் கதவை அழுத்துவதும் நடக்கிறது. விபத்தில் ஹிஞ்ச் வளைந்திருந்தால் அதற்கு இடம் உண்டு. தேய்ந்த புஷ்ஷுக்கு அது மருந்தே இல்லை, நல்ல தகட்டையும் வளைத்துவிடும். பின்னை ஹிஞ்சோடு சேர்த்து வெல்டு வைப்பது அதைவிட மோசம், அடுத்து வருகிறவர் ஹிஞ்சையே அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சரியான வேலை அப்படியொன்றும் பெரிதல்ல, பொறுமைதான் வேண்டும். பவர் விண்டோ வயரையும் டோர் ஸ்டாப்பர் பின்னையும் முதலில் கழற்றிவிட வேண்டும். கதவுக்கு அடியில் துணி சுற்றிய கட்டையும் ஜாக்கியும் கொடுத்துத் தாங்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் கட்டாயம் வேண்டும், தனியாகக் கழற்றி விரலை நசுக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். போல்ட்டைத் தளர்த்தும் முன் ஹிஞ்சைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது அந்தக் கோடுதான் கணக்கு. இரண்டு ஹிஞ்சையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

ஹிஞ்சின் பின் துருவேறி இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். உடனே கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டாதீர்கள், பெயின்டும் பீடிங்கும் பக்கத்து வயரும் கருகும். சில மாடல்களில் ஹிஞ்ச் தூணோடு வெல்டிங்காகவே இருக்கும், அங்கே பின்னையும் புஷ்ஷையும் மட்டும் மாற்றலாம்.

உதிரி கிடைக்கவில்லை என்பதைக் காரணமாகச் சொல்லாதீர்கள். அம்பாசிடரும் 800-ம் 2014-லேயே நின்றுவிட்டாலும், லேத் பட்டறை ஊருக்கு ஊர் இருக்கிறது. முட்டை வடிவமான ஓட்டையை வட்டமாகப் பெரிதாக்கி, கன்மெட்டல் என்ற வெண்கல வகை உலோகத்தில் புஷ் கடைந்து, நல்ல எஃகில் பின் கடைந்து போட்டால் புதுசு மாதிரி நிற்கும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிக் கடைகளில் ஹிஞ்ச் வாங்குவதாக இருந்தால் கையில் வைத்து ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். அதுவும் உங்களுடையதைப் போலவே ஓடித் தேய்ந்த காரிலிருந்து வந்ததுதான்.

ஹிஞ்ச் முடிந்து, கதவைச் சுற்றி இடைவெளி ஒரே மாதிரி வந்த பிறகுதான் ஸ்ட்ரைக்கர். கடைசியாக, லாக் நேராக உள்ளே போகும்படி அதை வையுங்கள். பிறகு பீடிங்குக்கு நடுவே ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கமாக வர வேண்டும்.

ஹிஞ்ச் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்று கேட்பீர்கள். ஓங்கி அடைப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், காரிலிருந்து இறங்கும்போது திறந்த கதவின் மேல் சாய்ந்து எழுந்திருப்பது. வயதானவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குப் பிடிக்க ஏதாவது வேண்டும். கூரையை ஒட்டிய கைப்பிடியைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் இறங்கிப் போய்க் கை கொடுங்கள். குழந்தைகள் கதவில் தொங்கி விளையாடினால் உடனே இறக்கிவிடுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்திருந்தால் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள், தேங்கும் தண்ணீர் கதவின் கனத்தையும் துருவையும் சேர்ந்தே கூட்டும்.

எண்ணெய் கொஞ்சம் போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பின்னின் மேல் சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு, கதவை ஆட்டிவிட்டு, வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். கிரீஸை அப்பி வைத்தால் ரோட்டுத் தூசி அதில் ஒட்டி, உப்புத்தாள் மாதிரி உள்ளே அறுத்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் விட்ட பிறகும் கதவு ஆடினால், எண்ணெயால் தீராத கட்டத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே வண்டியைக் கொண்டுவாருங்கள். அதுவரை அந்தப் பக்கச் சீட்டில் குழந்தையை உட்கார வைக்க வேண்டாம்.