வீட்டு வரி கேட்டு வந்த க்யூஆர் கட்டம்

கானாடுகாத்தானில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் இருக்கிறார். எட்டுப் பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டில் அவர் மட்டும்தான் குடியிருக்கிறார். மற்றவர்கள் சென்னை, சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். ஒரு மத்தியானம் போன் வந்தது. “பேரூராட்சியில இருந்து பேசுறேன் ஆச்சி. வீட்டு வரி பாக்கி நிக்குது. சாயங்காலத்துக்குள்ள கட்டலேன்னா சீல் வச்சிருவாங்க.” அப்புறம் வாட்ஸ்அப்பில் கோபுர முத்திரை போட்ட நோட்டீஸ், அடியில் ஒரு க்யூஆர் கட்டம்.

பங்கு வீட்டில் இந்த அரையாண்டு வரியை யார் கட்டினார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்காது. ஏமாற்ற வருகிறவனுக்கு அந்தச் சந்தேகமே போதும்.

அந்தக் கட்டத்துக்குள் இருப்பது வெறும் ஒரு வரிசை எழுத்துகள்தான்: பணம் போய்ச் சேர வேண்டிய யுபிஐ முகவரி, ஒரு பெயர், சில சமயம் தொகை. பெயரை யாரும் இஷ்டத்துக்கு எழுதலாம். ஆனால் ஸ்கேன் செய்ததும் செயலி, அந்த முகவரிக்குரிய கணக்கு யாருடையது என்று வங்கியிடம் விசாரிக்கிறது. வங்கி தன் பதிவேட்டில் உள்ள பெயரை அனுப்புகிறது. 2025 ஜூன் 30-க்குள் எல்லாச் செயலிகளும் வங்கிப் பதிவில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ சொல்லிவிட்டது. ஆச்சியின் பேத்தி ஸ்கேன் செய்தபோது திரையில் வந்தது யாரோ ஒரு தனியாளின் பெயர். பின் நம்பரைப் போடாமல் அங்கேயே நிறுத்திவிட்டாள்.

இதையே மாற்றியும் செய்கிறார்கள். “வரி கூடுதலாகக் கட்டியிருக்கிறீர்கள், திருப்பித் தருகிறோம், பின் போடுங்கள்” என்பார்கள். நாம் போடும் பின், பூட்டிய கடிதம் போல நம் வங்கிக்குப் போய், ‘என் கணக்கிலிருந்து எடு’ என்று சொல்லும். பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை.

லிங்க் அனுப்பினால் அதன் தள முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள். தபால் பிரிப்பவர் உறையின் கடைசி வரியில் உள்ள ஊரைப் பார்ப்பது மாதிரி, இணையமும் முகவரியின் கடைசித் துண்டிலிருந்துதான் தேடத் தொடங்கும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் ‘டாட் கவ் டாட் இன்’ (.gov.in) என்று முடிய வேண்டும். அது அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படும் முடிவு. நடுவில் எங்கோ ‘கவ்’ இருந்து, கடைசியில் வேறு ஏதோ வந்தால் அது அரசுத் தளம் இல்லை. ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு, வந்தால் திறக்கவே வேண்டாம். உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிபியை அள்ளிவிடும்.

பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். திருடிய பணத்தைக் கணக்கு கணக்காக வேகமாக மாற்றிக்கொண்டே போவார்கள். ஏதாவது ஒரு கணக்கில் அது இருக்கும்போதே வங்கிக்குத் தகவல் போனால்தான் முடக்க முடியும். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

ஆச்சி மறுநாள் பேரூராட்சி அலுவலகத்துக்கே போய் வரி விதிப்பு எண்ணைச் சொன்னார். பாக்கி எதுவும் இல்லை. சென்னையில் இருக்கும் பங்காளி ஏற்கெனவே கட்டியிருந்தார். இப்போது யார் கட்டினாலும் ரசீதைப் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள்.