மார்ட்டெல்லோ கோபுரம்: சொல் விளக்கம்

கடலோரத்தில் வாளியைக் கவிழ்த்து வைத்ததுபோல் நிற்கும் சின்ன வட்டக் கோட்டைதான் மார்ட்டெல்லோ கோபுரம். உயரம் சுமார் 40 அடி. மொட்டைமாடியில் எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய பீரங்கி, உள்ளே இருபது முப்பது வீரர்கள்.

இத்தாலிய மொழியில் மார்ட்டெல்லோ என்றால் சுத்தியல். ஆபத்து வந்தால் சுத்தியலால் மணியடித்ததால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது பெயரைப் பார்த்துப் பின்னால் கட்டிய கதையாகத்தான் படுகிறது. பெயரின் ஊர் வேறு. மத்தியதரைக் கடலில் உள்ள கோர்சிகா தீவின் வடபகுதியில் மொர்த்தெல்லா முனை என்று ஓர் இடம் இருக்கிறது. மொர்த்தெல்லா என்பது அங்கே காடாக வளரும் ஒரு வாசனைப் புதர்ச்செடி. வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரைக் கண்காணிக்க, 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஜெனோவா நகரத்தார் அந்த முனையில் ஒரு கோபுரம் கட்டினார்கள். அந்நியக் கப்பல் தெரிந்தால் தீயும் புகையும் எழுப்பி ஊரை எச்சரிப்பது காவலர் வேலை.

1794 பிப்ரவரியில், அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த இந்தக் கோபுரத்தை இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் தாக்கின. ஒன்றில் 74 பீரங்கிகள், மற்றதில் 32. இரண்டரை மணி நேரம் சுட்டும் சுவர் அசையவில்லை. கோபுரத்திலிருந்து வந்த, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய குண்டு பெரிய கப்பலுக்குப் பலத்த சேதம் செய்ய, இரண்டும் பின்வாங்கின. அப்புறம் தரைவழியாகப் பீரங்கிகளை மேட்டில் ஏற்றி இரண்டு நாள் அடித்துத்தான் பிடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வெறும் 33 பேர்!

அந்த வியப்பில்தான் பிரிட்டிஷார், நெப்போலியன் படையெடுப்புக்கு அஞ்சிய நாட்களில், இங்கிலாந்தின் தெற்கு, கிழக்குக் கரைகளில் மட்டும் 103 கோபுரங்கள் எழுப்பினார்கள். இலங்கையில் அம்பாந்தோட்டையிலும் ஒன்று நிற்கிறது. கோபுரத்தின் அமைப்பைச் சரியாகப் பார்த்துக்கொண்டவர்கள் பெயரை மட்டும் தவறாகக் கொண்டுபோனார்கள். எழுத்து இடம் மாறி, செடி சுத்தியலாகிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? கோபுரம் என்றால் நமக்குக் கோயில் கோபுரம்தான் கண்ணில் நிற்கும்; இது குட்டையான, தடித்த கட்டடம். காவற்கோபுரம் என்பதில் பார்க்கும் வேலை மட்டும் தெரிகிறது, தாங்கி நின்று சண்டையிடுவது தெரியவில்லை. குறும்பு என்று சிற்றரணுக்கு அழகான பழஞ்சொல் உண்டு, ஆனால் இன்று யாரும் சேட்டை என்றுதான் படிப்பார்கள்.

இன்னொரு பழஞ்சொல் அருப்பம். முல்லைப்பாட்டில், பாசறை அமைக்கக் காட்டைத் திருத்தும் படை ‘வேட்டுப்புழை அருப்பம்’ என்னும் வேட்டுவர் அரண்களை அழிக்கிறது. புழை என்றால் சிறுவாயில். அருப்பம் எளிதில் நெருங்க முடியாத அரண். மார்ட்டெல்லோவின் வாசலும் தரைமட்டத்தில் இருக்காது. கரைப்பக்கம், ஆள் உயரத்துக்கும் மேலே, ஏணி வைத்து ஏறி நுழையும்படி இருக்கும். இவ்வளவு பொருந்தும் சொல்லை விட மனமில்லை. ஆனாலும் படித்தவுடன் புரிய வேண்டுமே.

அதனால் என் தேர்வு கரைக்காவல் அரண். முதல்முறை ‘மார்ட்டெல்லோ என்னும் கரைக்காவல் அரண்’ என்று எழுதிவிட்டு, பிறகு கரைக்காவல் அரண் என்றே தொடரலாம். கடலோரமல்லாத எல்லைச் சிற்றரண்களுக்கு அருப்பத்தைத் தாராளமாக எடுத்தாளலாம்.